கடை நம்மோடது, சாவியும் நம்மகிட்டயே இருக்கணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டு வேலை, கொஞ்சம் தோட்டம், குழுவில் பிரதிநிதி. எங்கள் குழு காபிக் கொட்டை வாங்கி வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறது. கூடவே மிளகும் உண்டு. "வெப்சைட்டை நாமே செஞ்சுக்கறதா, டிசைனர் வைச்சுச் செய்யறதா" என்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எங்கள் குழுவில் மூன்று கூட்டம் இதைத்தான் பேசினோம். அதில் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதலில், வெப்சைட் எதுக்கு? மே மாசம் கோடை விழாவுக்கு எவ்வளவு ஜனம் வருதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏரிக்கரையிலும் அண்ணா பூங்கா பக்கமும் நம்ம தூளை அரைக் கிலோ வாங்கிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போயிடறாங்க. ஊருக்குப் போய் ஒரு டம்ளர் குடிச்சதும் நல்லாயிருக்குன்னு தோணும். அப்போ திரும்ப வாங்க வழி வேணும். பாக்கெட்டில் ஒரு போன் நம்பர் மட்டும் இருந்தால், நாம் களத்தில் இருக்கும்போது அந்த அழைப்பு போயிடும். சில கிராமத்தில் சிக்னலும் கிடையாது. நாம் தூங்கும்போதும் விலையும் விவரமும் சொல்ற ஒரு கடை வேணும். அதுதான் வெப்சைட்.

இதில் மூன்று சங்கதி இருக்கு. மூன்றையும் தனித்தனியாகப் புரிஞ்சுக்கிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துடும்.

ஒண்ணு, பெயர். அதாவது நம் கடையின் முகவரி. .இன், .காம் என்று முடியும். நம் நாட்டு .இன் முகவரிகளை நிக்ஸி என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. தமிழ் எழுத்திலேயே .இந்தியா என்று முடியும் முகவரியும் வாங்கலாம். இந்தப் பெயரை ஒருதரம் வாங்கினால் ஆயுசுக்கும் நமக்கு என்று நினைக்கக் கூடாது. கெடு முடியறதுக்குள்ளே பணம் கட்டிப் புதுப்பிக்கணும். விட்டுட்டால் வேறு யாரும் எடுத்துக்கலாம்.

ரெண்டு, இடம். நம்ம படமும் எழுத்தும் இருக்கிற கம்ப்யூட்டர் எங்கேயோ இருக்கும். அதற்கு வாடகை. வாடகைக் கட்டிடம் மாதிரி.

மூணு, பக்கம். கடைக்குள்ளே அலமாரி எப்படி, போர்டு எப்படி, எந்தப் பொருள் முன்னாடி என்கிற அடுக்கு வேலை. டிசைனர் செய்வது முக்கியமாக இந்த மூன்றாவது வேலையைத்தான். ஆனால் பல இடத்தில் மூன்றையும் சேர்த்தே அவரிடம் விட்டுடறோம். வம்பு அங்கேதான் ஆரம்பிக்குது.

எனக்குத் தெரிஞ்ச வேற வட்டாரத்துக் குழு ஒண்ணு இருக்கு. பெயர் வேண்டாம். நல்ல ஊறுகாய் போடுவாங்க. ஒருத்தரிடம் பணம் கட்டி அழகா வெப்சைட் போட்டாங்க. பெயரை அந்த ஆள் தன்னோட இமெயிலில், தன் பெயரிலேயே பதிஞ்சிருந்தார். ரெண்டாவது வருஷம் அவர் நம்பரை மாத்திக்கிட்டு வேறு ஊர் போயிட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த தகவல் எல்லாம் அவர் இமெயிலுக்கே போச்சு. ஒரு நாள் கடை காணோம். அந்த முகவரியை அச்சடிச்ச லேபிள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அந்தப் பெண்கள் ஊறுகாயில் ஒரு குறையும் இல்லை. சாவி மட்டும் அவங்ககிட்ட இல்லை.

இனி செலவுக் கணக்கு. எங்களிடம் ஒருத்தர் கேட்டது 18,000 ரூபாய். அப்புறம் வருஷத்துக்கு 4,500. கேட்டதும் பெரிசா, சின்னதா என்று யாருக்கும் பிடிபடலை. எங்கள் குழு அக்கா ஒருத்தர், "ரூபாயில் பேசாதீங்க, தூளில் பேசுங்க" என்றார். எங்களுக்குச் செலவெல்லாம் போகக் கிலோவுக்கு 90 ரூபாய் நிக்கும். அப்படின்னா முதல் செலவுக்கே 200 கிலோ விக்கணும். நாங்க மாசம் சராசரியா விக்கிறது 25 கிலோ. எட்டு மாச லாபம்! பிறகு வருஷா வருஷம் 50 கிலோ. உங்க குழு மாசம் 200 கிலோ விக்குதுன்னா, இதே 18,000 ஒரு மாசக் கணக்குதான், தாராளமா கொடுக்கலாம். அதனால் பக்கத்துக் குழு வைச்சாங்கன்னு நாமும் வைக்க வேண்டாம், வைக்கலைன்னு விடவும் வேண்டாம். அவங்கவங்க பொருளில் கணக்குப் போட்டுப் பாருங்க.

நாமே செஞ்சால்? கூகுள் சைட்ஸில் சின்ன பக்கம் இலவசமாகப் போடலாம். வேர்ட்பிரஸ் இருக்கு. தென்காசிப் பக்கம் கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவிலும் வசதி இருக்கு. எங்களுக்குப் பெயர் வாங்க ஆனது 800 ரூபாய். ஆனால் நம்ம உழைப்பைச் சும்மா என்று எழுதக் கூடாது. ரெண்டு பேர், ஆறு சாயங்காலம், தினம் ரெண்டு மணி நேரம். கூட்டினால் 24 மணி நேரம், மூணு நாள் கூலி. அதையும் தீர்மான நோட்டில் எழுதி வைச்சோம்.

நாமே செய்வதில் ஒரு பெரிய லாபம் இருக்கு. நம்ம கதை நமக்குத்தான் தெரியும். மாதிரிக்கு எங்களுக்குக் காட்டின பக்கத்தில் காபித் தூளுக்கு மேலே ஊட்டி தேயிலைத் தோட்டம் படம் போட்டிருந்தது! நம்ம சேர்வராயன் மலையில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை காலத்தில் காபி வந்தது. ஏறத்தாழ 200 வருஷம். சில்வர் ஓக் நிழலில் செடி நிக்கும், அந்த மரத்திலேயே மிளகுக் கொடி ஏறும். பழம் சிவந்ததும் கையால் பறிக்கிறோம். இதை மூணு வரியில் எழுதி, நம்ம களத்தில் கொட்டை காயும் படத்தை வெயிலில் போனில் எடுத்துப் போட்டால் போதும். வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க எண், எடை, வறுத்த தேதி, சிக்கரி எவ்வளவு, அனுப்பும் செலவு, இவை கட்டாயம் இருக்கணும். விலை மாறினால் அன்னைக்கே நாமே மாத்தலாம். கொட்டை விலை ஏறும்போது இதன் அருமை தெரியும்.

அப்போ டிசைனர் வேண்டாமா? வேணும், அவருக்குரிய வேலைக்கு. வெப்சைட்டிலேயே பணம் வாங்கும் வசதி, ஆர்டர் தானாகப் பதிவாவது, வாடிக்கையாளர் விவரத்தைப் பத்திரமா வைப்பது, இதெல்லாம் தெரிஞ்சவர் செய்யற வேலை. அரைகுறையா செஞ்சால் பிறத்தியார் பணத்துக்கு நாம் பதில் சொல்லணும். லேபிள், சின்னம் வரைவதற்கும் கைதேர்ந்தவர் வேணும்.

இது நமக்குப் புதுசும் இல்லை. நம் மாநிலத்தில் 1989ல் தருமபுரியில் குழுக்கள் ஆரம்பிச்சு, பிறகு நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. தொடக்கத்தில் பல குழுக்களுக்குக் கணக்கு நோட்டை வெளியாள் எழுதினார். அப்புறம் நம்ம பெண்களே சேமிப்பு, கடன், வரவு செலவு எழுதக் கத்துக்கிட்டோம். ஆனாலும் வருஷத் தணிக்கைக்கு ஆடிட்டர் வர்றார். நோட்டை அவர் வீட்டுக்கா கொடுத்து அனுப்பறோம்? பார்த்துட்டுத் திருப்பித் தருவார். வெப்சைட்டும் அப்படியே. தினப்படி வேலை நம்மோடது, நுணுக்க வேலை கூலிக்கு, நோட்டு எப்பவும் நம்ம பீரோவில்.

டிசைனர் வைக்கும் குழுவுக்கு நான் சொல்வது:

முதலாவது, பெயரைக் குழுவின் பெயரில், குழுவின் இமெயிலில் நாமே பதியணும். தனி ஒருத்தர் இமெயில் வேண்டாம்.

இரண்டாவது, பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, தீர்மான நோட்டோடு வைக்கணும். ஊக்குநர், பிரதிநிதி மாறும்போது வங்கிக் கையெழுத்து மாத்தற மாதிரி பாஸ்வேர்டையும் மாத்தணும்.

மூன்றாவது, பணத்தை மூணு தவணையாகக் கொடுங்க. கடைசித் தவணை, விலையையும் படத்தையும் நம்ம கையால் மாத்தக் கத்துக் கொடுத்த பிறகுதான்.

நான்காவது, போனில் திறந்து பாருங்க. நம்ம வாடிக்கையாளர் பெரும்பாலும் போனில்தான் பார்ப்பார். சிக்னல் குறைவான இடத்திலும் சீக்கிரம் திறக்கணும்.

ஐந்தாவது, வருஷத் தொகையில் எது பெயருக்கு, எது இடத்துக்கு, எது அவர் கூலி என்று பிரிச்சு எழுதி வாங்குங்க.

ஆறாவது, பணம் குழுக் கணக்குக்கே வரணும். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. யுபிஐயில் நமக்குப் பணம் வர்றதுக்குப் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் அது ஏமாத்து வேலை.

புதுசா ஆரம்பிக்கும் குழுவுக்கு வெப்சைட்டுக்கு முன்னாடியே ஒரு படி இருக்கு. வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். அதில் பொருள் படமும் விலையும் போட்டு வைக்கலாம். நம் அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் "மதி" என்ற பெயரில் குழுப் பொருள்களை விற்க உதவுது. மதி சந்தை என்று இணையக் கடையும் இருக்கு. மத்திய அரசின் இ-சரஸ் இருக்கு. அங்கேயும் நம்ம பொருளை வைக்கக் கேட்கலாம். சந்தையில் ஒரு கடை, வீட்டு வாசலில் ஒரு கடை இருந்தால் கெட்டா போகும்?

எங்கள் குழு எடுத்த முடிவு இது: ஒரு பக்க வெப்சைட் நாங்களே செஞ்சோம். லேபிளுக்கு மட்டும் ஆள் வைச்சோம். பணம் வாங்கும் வசதி, மாச விற்பனை 60 கிலோ தாண்டின பிறகு என்று தீர்மானம் போட்டிருக்கோம். வெப்சைட் வந்ததும் ஆர்டர் கொட்டிடலை. பார்த்துட்டு வாட்ஸ்அப்பில் கேட்கிறவங்கதான் அதிகம். மாசம் ஏழெட்டுப் பார்சல் சேலம் இறங்குது. மழைக்காலத்தில் சுற்றுலா ஆள் குறைஞ்சாலும் அந்த ஏழெட்டு நிக்கலை. அந்தப் பணத்தில்தான் ரெண்டு பேர் உள்கடன் தவணை தவறாமல் கட்டினாங்க.

படிப்பு குறைவு, இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். செய்யறதை ஆள் வைச்சுச் செய்யலாம், தப்பில்லை. என்ன செய்யறாங்க, யார் பெயரில் செய்யறாங்க என்று கேட்கிற வாய் நமக்கு வேணும். வங்கி மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து கடன் கேட்கக் கத்துக்கிட்ட நமக்கு, இது கேட்கத் தெரியாதா? உங்க குழுவில் ஏற்கெனவே வெப்சைட் இருந்தால், அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பெயர் யார் பெயரில் இருக்குன்னு பாருங்க. எங்க குழுவிடம் கேட்டாலும் எப்படிப் பார்ப்பது என்று உட்கார்ந்து காட்டறோம்.