எதோடும் சேராத வாயு
(சேலையூரில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், ஹீலியம் எதோடும் சேராதுன்னா அதனால என்ன பயன்?" பலூன் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்துவிட்டேன். அது பாதி பதில்கூட இல்லை. மீதியை இங்கே சொல்கிறேன்.

1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தைக் குண்டூரில் ஜான்சனும், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் போக்சனும் பார்த்தார்கள். அன்று சூரிய விளிம்பில் தெரிந்த மஞ்சள் கோடுதான் ஹீலியம். பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895-இல்.

இதில் இரண்டு ஐசோடோப்புகள். ஹீலியம்-4 இன்றும் உருவாகிக்கொண்டே இருக்கிறது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது வெளிவரும் ஆல்பா துகள் அதுதானே? நம் மணவாளக்குறிச்சி மோனசைட் மணலுக்குள்ளும் இருக்கும். ஹீலியம்-3 அப்படியல்ல. கவசத்தில் இருப்பதில் பெரும்பகுதி பூமி உருவானபோதே உள்ளே சிக்கிக்கொண்டது. காற்றில் ஏறத்தாழ ஏழு லட்சம் ஹீலியம்-4 அணுக்களுக்கு ஒரு ஹீலியம்-3. கடல் நடு மலைத்தொடரின் எரிமலைப் பாறையில் இந்த விகிதம் சுமார் எட்டு மடங்கு.

ஆகவே ஆழ்கடல் நீரில் ஹீலியம்-3 மிகுந்திருந்தால், கவசத்தின் வாயு அங்கே கசிகிறது என்று பொருள். பசிபிக்கின் ஆழத்தில் இதை 1969-இல் கிளார்க், பெக், கிரெய்க் மூவரும் கண்டறிந்தார்கள். 1981-இல் லப்டனும் கிரெய்க்கும் வெளியிட்ட வரைபடம் இன்னும் வியப்பானது. கிழக்குப் பசிபிக் மலைத்தொடரிலிருந்து சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில், மேற்கு நோக்கி 2,000 கிலோமீட்டருக்கு மேல் அந்தத் தடம் நீள்கிறது. வேறு பொருள் என்றால் வழியிலேயே வினைபுரிந்தோ படிந்தோ போயிருக்கும். இது எதோடும் சேராததால்தான் தடம் அழியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆழ்நீரோட்டத்தின் திசையும் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: மேல்மட்ட நீரில் ஹீலியம்-3 கூடுதலாக இருந்தால் உடனே கவசம் என்று சொல்லிவிடக் கூடாது. அணுகுண்டுச் சோதனைகள் பரப்பிய டிரிட்டியம் சிதைந்தாலும் அதுவே கிடைக்கும்.

மாதிரி நீரைச் செம்புக் குழாயில் அடைத்து, இரு முனையையும் நசுக்கி மூடுவார்கள். கண்ணாடி வழியாகக்கூட ஹீலியம் நழுவிவிடும். பிறந்தநாள் பலூன் மறுநாள் சுருங்கிக் கிடப்பதை வகுப்பில் காட்டினாலே போதும், பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

இங்கிருந்து வேளச்சேரிச் சாலையில் போனால் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்து வெந்நீர் ஊற்றை அவர்களும் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தினரும் படமெடுத்த செய்தி 2024 டிசம்பரில் வந்தது. அந்தப் படத்தோடு நாளை அவள் வகுப்புக்குப் போகிறேன்.