கணினி காணாத இறுவட்டு ட்ரைவ்



மறைந்த தந்தையாரின் குரல் பதிந்த இறுவட்டு ஒன்று அலுமாரியிலே கிடக்கின்றது. கேட்கலாமென்று எடுத்தால், தன்னிடம் ட்ரைவ் ஒன்று இருப்பதையே கணினி மறந்துவிடுகின்றது. பலர் உடனே ட்ரைவைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். அது அவசரத் தீர்ப்பு.

பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகின்றதல்லவா? மின்சாரம் வருகின்றது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. தரவைக் கொண்டுசெல்லும் வடம் வேறு. ஆகவே முதலிற் பயோஸ் திரையைப் பார்த்தல் வேண்டும். அங்கும் ட்ரைவின் பெயர் இல்லையாயின், மின்னிணைப்பை நீக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, வடங்களை அழுத்திச் செருகுங்கள். சாட்டா வடத்தை மாற்றியும் பாருங்கள்.

பயோஸில் இருந்து, வின்டோஸில் மட்டும் இல்லையென்றால், குற்றம் பெரும்பாலும் ட்ரைவினுடையதன்று. டிவைஸ் மானேஜரில் மஞ்சள் அடையாளத்தோடு 19, 39 போன்ற இலக்கமொன்று தெரியலாம். இறுவட்டிற் பதியும் மென்பொருள் சில, நீக்கப்பட்ட பின்பும், ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்', 'லோவர்ஃபில்டர்ஸ்' என்னும் பதிவுகளை விட்டுச் செல்வதுண்டு. விருந்தாளி போன பின்பும் வாசலை மறித்துக் கிடக்கும் மூட்டைகள் அவை! ரெஜிஸ்ட்ரிக்குப் பிரதியெடுத்துக்கொண்டு, அவற்றை அழித்து, கணினியை மீளத் தொடக்கினால் ட்ரைவ் தோன்றக்கூடும்.

ஆனால் இடம் தவறக் கூடாது. விசைப்பலகைக்கும் 'அப்பர்ஃபில்டர்ஸ்' பதிவு உண்டு. அதனை அழித்தால் விசைப்பலகை ஊமையாகிவிடும். 'சீடிரொம்' என்று குறித்த வகுப்பின் கீழுள்ளவற்றை மட்டுமே தொடுங்கள். பதியும் மென்பொருளைப் பின்னர் மறுபடி நிறுவ நேரலாம்.

ட்ரைவ் தோன்றியதும், தந்தையாரின் குரலை முதலில் வன்தட்டிற் பிரதியெடுத்துவிடுங்கள்.