காற்றும் கடலும் காரைக்குடியும்



கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும் பகுத்துப் பெயரிட்டவன் தமிழன். இந் நான்கனுள் கோடையே இன்று தமிழகத்திற்கு மின்னாற்றலை வாரி வழங்குகின்றது. மேற்குத்தொடர்ச்சி மலை மறிக்க, பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் அஃது நெருக்குண்டு விரைந்து பாய்கின்றது. காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகள் காடுபோல் நிற்பதன் கரணியம் இதுவே.

1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தொடங்கிய முயற்சி, 10,000 மெகாவாட்டைக் கடந்து வளர்ந்தது. நெடுங்காலம் இந்தியாவில் தமிழகமே முதலிடம் பெற்றிருந்தது. 2023-இல் அவ்விடத்தைக் குசராத்து பற்றிக்கொண்டது. தமிழகத்தில் காற்று வற்றிவிட்டதோ? இல்லை! நிலத்தினின்று 150 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 95,000 மெகாவாட்டு வளம் உண்டென்று சென்னையிலுள்ள காற்றாற்றல் நிறுவனம் கணித்துள்ளது. பத்தில் ஒரு பங்கையே எட்டியுள்ளோம்.

தடைகள் மூன்று. முதலாவது, பழம்பொறி. காற்று மிக்க இடங்களை 1990-களில் நட்ட 250 கிலோவாட்டுச் சிறுபொறிகள் பிடித்துள்ளன. இற்றைப் பெரும்பொறி ஒன்று அவற்றுள் பத்துக்கு மேற்பட்டவற்றின் பணியைச் செய்யும். அவற்றைப் புதுப்பிக்கத் தமிழக அரசு 2024-இல் தனிக்கொள்கை வகுத்தது.

இரண்டாவது, தேக்கம். கோடைக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரையே மிகுதியாய் வீசும். மிகுந்த வேளையில் மின்னைக் கொள்வாரின்றிப் பொறிகளை நிறுத்தியதும் உண்டு. விளைந்த நெல்லைக் குதிரின்றிக் களத்திலேயே விடுவதற்கும் இதற்கும் வேறுபாடு யாது? கடம்பாறையில் 400 மெகாவாட்டு நீரேற்று மின்னிலையம் உள்ளது, அஃதொன்று போதாது.

மூன்றாவது, கடல். டென்மார்க்கு 1991-லேயே கடலில் காற்றாலை நட்டது. இந்தியக் கடலில் இன்னும் ஒன்றும் எழவில்லை. ஒன்றிய அரசு 2024-இல், தமிழகக் கடலில் 500, குசராத்துக் கடலில் 500 என 1,000 மெகாவாட்டுக்கு, துறைமுகப் பணி உட்பட 7,453 கோடி உருபா நல்கைக்கு ஒப்புதல் அளித்தது. ஆயினும் செலவு பெரிது. உப்பு இரும்பை அரிக்கும். மன்னார்க் கடலை நம்பி வாழும் மீனவர் வலை விரிக்கும் இடத்தையும் காத்தாகவேண்டும். அவரைக் கேளாது நடும் தூண் அறத்தின்மேல் நிற்பதாகாது.

காற்றாலையே இல்லாத செட்டிநாட்டிற்கு இதில் என்ன வேலை என வினவலாம். வேலை இங்கேதான் உண்டு! வள்ளல் அழகப்பர் 300 குறுக்கம் நிலமும் 15 இலக்கம் உருபாவும் ஈந்தமையால், 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953-இல் திறக்கப்பெற்றது இவ்வூர் நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிலையம். மின்னைத் தேக்கும் மின்கலமும், கடலுப்பால் இரும்பு அரிபடுவதைத் தடுத்தலும் அதன் தலையாய ஆய்வுத்துறைகள். மேற்சொன்ன தடைகளுள் இரண்டிற்குத் திறவுகோல் காரைக்குடியில் உள்ளது.

மின்கலம் ஒருநாளின் மிகுமின்னை மறுவேளைக்கு வைக்கும். கோடையை மார்கழிக்கு வைக்காது. ஆகலின் மின்கலம், நீரேற்று நிலையம், பெரும்பொறி, வலிய மின்தடம் அனைத்தும் ஒருங்கே வேண்டும்.

அழகப்பர் தந்தது பொருள். இவ்வூர் இளைஞர் தரவேண்டியது அறிவுழைப்பு. காற்றுக்குப் பெயரிட்ட இனம் அதனைக் கைக்கொள்ளவும் கற்பதாக!