புகைக்கும் ஒரு கணக்கு உண்டு



நான் வர்த்தகம் படித்து, கணக்கெழுதிப் பிழைப்பவன். இன்று புகைபோக்கியைப் பற்றிக் கதைக்க வந்ததற்கும் ஒரு கணக்குத்தான் காரணம்.

நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கும்போது அதிலுள்ள கந்தகம் கந்தக ஈரொட்சைட்டாகிறது. கொதிகலனின் கடும் வெப்பத்தில் நைதரசன் ஒட்சைட்டுகளும் உண்டாகின்றன. இரண்டுமே முட்டு வருத்தக்காரரின் மூச்சைக் கெடுப்பவை. மழையோடு அமிலமாகவும் இறங்குபவை. பிரித்தானியாவிலும் ஐரோப்பியப் பெருநிலத்திலும் எழுந்த புகையால் தென் நோர்வேயின் ஏரிகளில் மீன்கள் அழிந்தன. மின்நிலையங்களின் பேரேட்டில் அந்த நட்டம் பதியப்படவில்லை. அதைச் சுமந்தவர்கள் நோர்வேக்காரர். எல்லை தாண்டும் இந்த மாசைக் குறைக்க 1979 இல் ஜெனீவாவில் நாடுகள் உடன்படிக்கை செய்தன.

புகையைக் கழுவ வழமையாகச் சுண்ணாம்புக் கல்லைப் பயன்படுத்துவார்கள். டென்மார்க்கின் ஹால்டர் டொப்சோ நிறுவனம் வேறொரு வழி கண்டது. ஸ்னொக்ஸ் என்ற அந்த முறை, 1991 இல் ஓல்போர் நகருக்கு அருகே, ஏறத்தாழ 300 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தில் இயங்கத் தொடங்கியது.

செய்முறை இதுதான். முதலில் வடிகட்டிகள் சாம்பலைப் பிடிக்கும். பிறகு சூடான புகையில் அமோனியாவைக் கலந்து முதலாவது ஊக்கியினூடாக விடுவார்கள். நைதரசன் ஒட்சைட்டுகள் வெறும் நைதரசனாகவும் நீராவியாகவும் மாறும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன்தானே, தீங்கில்லை. அடுத்து, 400 பாகை செல்சியசுக்கு மேல், வனேடியம் சேர்ந்த இரண்டாவது ஊக்கி. அங்கே கந்தக ஈரொட்சைட்டு மூவொட்சைட்டாகும். அது நீராவியோடு சேர்ந்து, காற்றால் குளிர்விக்கப்படும் கண்ணாடிக் குழாய்களில் செறிந்த சல்பூரிக்கமிலமாக வடியும். உரத் தொழிலுக்கு வேண்டிய சரக்கு அது. ஏரியைக் கெடுத்த அதே அமிலம் இப்போது வரவுப் பக்கத்தில் வருகிறது.

ஊக்கி என்பது தான் செலவாகாமல் இரசாயன மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள். கணக்காளர் பாசையில் அது மூலப்பொருளல்ல, நிலையான சொத்து. ஆனாலும் பெறுமானத் தேய்வு உண்டு. தூசு படிந்தால் அதன் வலு குறையும்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் நைல்ஸ் மின்நிலையத்தில் 1990களில் இதைச் சோதித்தபோது கந்தக ஈரொட்சைட்டில் சுமார் 95 வீதமும், நைதரசன் ஒட்சைட்டுகளில் சுமார் 94 வீதமும் நீங்கின.

ஒன்றை மறைக்கக் கூடாது. காபனீரொட்சைட்டை இந்த முறை தொடுவதேயில்லை. அந்தக் கடன் ஐந்தொகையில் அப்படியே நிற்கிறது. அடுத்த முறை யாராவது நிலக்கரி மின்சாரம் மலிவு என்றால், மிச்சச் செலவு யாருடைய கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.