வந்த நாடும் வகுத்த நெறியும்

ஓசூரைக் கடந்து அத்திப்பள்ளி வழியாக ஆனேக்கல் வட்டத்துள் நுழைந்தால், ஜிகனி, பொம்மசந்திரா ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளில் தமிழர் பலர் உழைத்து வருவதைக் காணலாம். சுற்றமும் செல்வாக்கும் ஊரிலேயே நின்றுவிட, இங்கே அவர்களுக்குத் துணையாவது தாம் கைக்கொண்ட நெறி ஒன்றுதான்.

அத்தகைய நெறியுடன் வாழ்ந்த ஒருவரின் பெயரைப் பெங்களூரின் சேஷாத்திரிபுரம் இன்றும் தாங்கி நிற்கிறது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1845-இல் பிறந்த சேஷாத்திரி ஐயர், 1868-இல் மைசூர் அரசின் பணியில் அமர்ந்து, 1883 முதல் 1901 வரை திவானாக விளங்கினார். ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குடிநீர் வந்தது அவர் காலத்தில்தான். சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. 1902-இல் மின்சாரம் பாய்ந்தது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்குகள் ஒளிர்ந்தன. இவ்விரண்டையும் காண அவர் இல்லை. 1901 செப்டம்பரிலேயே காலமானார்.

வந்த நாட்டின் தேவையைத் தம் தேவையாகக் கருதியதும், பயனைத் தாம் காண்போமா என்று எண்ணாது உழைத்ததுமே அவருடைய பெருமை. திவானின் பதவி வேறு, ஆனேக்கலில் இயந்திரம் இயக்குபவரின் பதவி வேறு. ஆயினும் நெறி இருவர்க்கும் பொது. மேற்பார்வையாளர் இல்லாத வேளையிலும் வேலை பழுதின்றி நடக்கும் என்று உடனுழைக்கும் கன்னடியர் நம்புவாராயின், அந்நம்பிக்கை நமக்குப்பின் வேலை தேடி வரும் தமிழ் இளைஞனுக்கும் வழி திறக்கும்.