மறுநாள் வரும் வலி

ஜிம்மில் புதிதாகச் சேர்ந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் உற்சாகமாக எடை தூக்குவார்கள். மறுநாள் காலையில் தலை வாரக் கை மேலே போகாது. அதற்கடுத்த நாள் வலி இன்னும் கூடும். நரம்பு பிசகிவிட்டது என்று பயந்து, அதோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு.

பயம் வேண்டாம். பழக்கமில்லாத வேலை செய்ததால் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிதைவு ஏற்படுகிறது. உடம்பு அதைச் சரிசெய்யும்போது வருகிற வலி இது. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று சில பயிற்சியாளர்களே சொல்வார்கள். சரியல்ல. அந்த அமிலம் அன்றைக்கே வடிந்துவிடும். வலி வருவதோ மறுநாள்!

இன்னொன்று. எடையைத் தூக்குவதைவிட, மெதுவாக இறக்குவதுதான் தசையை அதிகம் படுத்துகிறது. பழனி மலைப் படி ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள் தொடை வலிப்பது பெரும்பாலும் இறங்கியதால்தான்.

வலிக்கிறதே என்று படுத்தே கிடக்காதீர்கள். மெதுவாக நடங்கள். சில நாளில் தானாகக் குறையும். அதே பயிற்சியை அடுத்த முறை செய்தால் இவ்வளவு வலிக்காது. தசை பழகிவிடும். குறைந்த எடையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

தூக்கும்போதே மூட்டில் சுருக்கென்று குத்தினால் அது வேறு, உடனே நிறுத்துங்கள். கடும் வலியோடு சிறுநீரும் அடர்பழுப்பாகப் போனால், தாமதிக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.