அகோஸ்தோ
(மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியது)

ஐந்து நிமிஷம் ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். வங்கியைப் பற்றி ஆரம்பித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு இத்தாலியச் சொல்லைப் பற்றிச் சொல்கிறேன். அகோஸ்தோ. நம்முடைய ஆகஸ்ட் மாதம்தான்.

மகள் மிலானில் இருக்கிறாள். போன வருஷம் ஆகஸ்டில் நானும் மனைவியும் போயிருந்தோம். இரண்டாவது வாரம் மனைவிக்குக் காய்ச்சல். மகளும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விட்டார்கள். அங்கே மருந்துக்கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம். தெருமுனையிலேயே ஒன்று உண்டு. போனால், ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஒரு காகிதத்தில் 'கியூஸோ பெர் ஃபெரியே', கீழே '25 அகோஸ்தோ'. விடுமுறைக்காக 25 வரை மூடல். ரொட்டிக்கடை, சலூன் எல்லாவற்றிலும் இதே காகிதம், தேதிதான் வேறு. மாதப் பெயர்களை மகள் முன்னமே எழுதிக் கொடுத்திருந்ததால், நாளைக்கு வந்து பார்க்கலாம் என்று ஏமாறாமல் தப்பித்தேன்.

மூடிய மருந்துக்கடை வாசலிலேயே, அன்று திறந்திருக்கும் கடைகளின் பட்டியல் ஒட்டியிருந்தது. 'ஃபர்மாச்சியா தி துர்னோ' என்பார்கள். துர்னோ என்றால் முறை. நம் முறைவாசல் மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். முகவரியைப் போனில் படம் பிடித்து, டிராம் ஏறிப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

ஏன் இப்படி மொத்தமாக மூடுகிறார்கள்? நமக்குச் சுதந்திர தினமான ஆகஸ்ட் 15 அவர்களுக்கு ஃபெர்ரகோஸ்தோ பண்டிகை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 18-ல் ஏற்படுத்திய ஓய்வு நாட்களிலிருந்து வந்த பெயர். அறுவடை முடிந்த களைப்பு தீரவேண்டாமா! இரண்டாயிரம் வருஷமாகியும் அந்த லீவை யாரும் ரத்து செய்யவில்லை. எங்கள் யூனியன்காரர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

மாதத்துக்கே அவர் பெயர் வந்தது கி.மு. 8-ல். அதற்கு முன் 'செக்ஸ்டிலிஸ்', அதாவது ஆறாம் மாதம். பழைய ரோமானியக் கணக்கு மார்ச்சில் தொடங்கும். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறதே, அதற்கு ஒரு மாதம் முன்னால். அதனால்தான் ஒன்பதாம் மாதத்துக்கு 'செத்தெம்ப்ரே' என்று ஏழைக் குறிக்கும் பெயர். அடுத்து ஒத்தோப்ரே, நொவெம்ப்ரே, திச்செம்ப்ரே: எட்டு, ஒன்பது, பத்து. சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி என்று பஞ்சாங்கம் பார்க்கும் நமக்கு இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

தேதி சொல்லும்போது முதல் தேதிக்கு மட்டும் 'ப்ரீமோ அகோஸ்தோ', முதலாவது, என்பார்கள். இரண்டிலிருந்து வெறும் எண்தான்: 'துவே அகோஸ்தோ'. கடைக் காகிதத்தில் திறக்கும் நாளைப் படிக்க இவ்வளவு போதும்.